வாக்குரிமை வந்த வழி – 11: இருபத்தொன்றும் பதினெட்டும்

அரசமைப்புச் சட்டத்தின் 61ஆவது திருத்தம் அரைப் பக்கத்தைக்கூட நிரப்பாது. அதில் இரண்டே வாசகங்கள். முதலாவது சட்டத்தின் பெயரைச் சொல்கிறது. இரண்டாவது, 326ஆவது பிரிவில் ‘இருபத்தொரு வயது’ என்று இருக்கும் இடத்தில் ‘பதினெட்டு வயது’ என்று போட்டுக்கொள்ளச் சொல்கிறது. 1989 மார்ச் 28 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கடராமன் ஒப்புதல் அளித்த அன்றே அது நடைமுறைக்கு வந்தது. குடியரசான பிறகு வாக்காளர் பட்டியலை ஒரே வீச்சில் இந்த அளவுக்கு விரித்த சட்டம் வேறு இல்லை.

இருபத்தொன்று இங்கிலாந்திலிருந்து வந்த எண். கனத்த இரும்புக் கவசம் பூண்டு குதிரையேறிப் போரிட ஒருவனுக்கு உடல்வலு சேரும் வயது அது என்று இடைக்காலத்தில் கருதப்பட்டதாகவும், அந்தக் கணக்கே பிற்காலத்தில் எல்லாவற்றுக்குமான மேஜர் வயதாக நிலைத்துவிட்டதாகவும் ஒரு விளக்கம் உண்டு. கவசம் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியும் எண் போகவில்லை. இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. தங்கள் நாட்டில் 21ஐ விடாமல் பிடித்திருந்த ஆட்சியாளர்கள், இந்தியாவுக்கு 1875ஆம் ஆண்டிலேயே 18ஐ மேஜர் வயதாக வகுத்துவிட்டனர். நீதிமன்றம் காப்பாளர் நியமித்த பிள்ளைகளுக்கு மட்டும் 21. மற்றபடி 18 நிறைந்தவர் நிலத்தை விற்கலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், வழக்காடலாம். வாக்கு என்று வந்தபோது மட்டும் லண்டனின் கணக்கு திரும்பி வந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணத் தேர்தலில் வாக்களிக்க 21 வயதும் வேண்டும். அதோடு சொத்தோ வரியோ படிப்போ ஏதேனும் ஒன்றும் வேண்டும்.

அரசமைப்பு நிர்ணய சபை இந்த இரண்டாவது நிபந்தனையை அடியோடு தூக்கியெறிந்தது. எழுத்தறியாதவர்களே மிகப் பெரும்பான்மையாக இருந்த நாட்டில் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பது அந்நாளில் துணிச்சலான முடிவு. அந்தப் பெரிய முடிவின் நிழலில் 21 என்ற எண் பழையபடியே உட்கார்ந்துகொண்டது. 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலின் பட்டியலில் சுமார் 17.3 கோடிப் பேர் இருந்தனர். மேஜர் ஆகியும் வாக்கில்லாத 18, 19, 20 வயதினர் அதற்கு வெளியே நின்றனர்.

வேட்பாளரின் வயது குறித்து மட்டும் சபையில் ஒரு சுவையான வாதம் நடந்தது. 1949 மே 18 அன்று அம்பேத்கர் கொண்டுவந்த வாசகத்தில் மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 35 என்று இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த ஜி. துர்காபாய், 35ஐ 30ஆகக் குறைக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அறிவு வயதைச் சார்ந்ததல்ல என்பது அவர் வாதம். சபை ஏற்றுக்கொண்டது. அதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. 1923இல் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டின் கதர்க் கண்காட்சி வாசலில் தொண்டராக நின்றபோது, டிக்கெட் இல்லை என்று ஜவாஹர்லால் நேருவையே தடுத்து நிறுத்தியவர் அவர். அப்போது அவருக்கு வயது 14. ஆனால் 30 என்று இறங்கிய அந்த எண்ணும், 25 என்று நின்ற மற்ற எண்ணும் அதன் பிறகு அசையவே இல்லை.

பக்கத்துத் தீவு இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. 1931ஆம் ஆண்டிலேயே 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை கண்ட இலங்கை, 1959இல் வாக்களிக்கும் வயதை 18ஆக இறக்கியது. பிரிட்டன் அதே முடிவுக்கு வர இன்னும் பத்தாண்டுகள் பிடித்தன. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் 18 வயதினர் அங்கே வாக்காளராயினர். மறு ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்தனர். அமெரிக்காவில் மாற்றத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது போர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கட்டாயப் படைச்சேர்ப்பின் வயது 18ஆகக் குறைக்கப்பட்டது. சுடத் தெரிந்தவனுக்கு ஓட்டுப்போடத் தெரியாதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. வியட்நாமிலிருந்து சவப்பெட்டிகள் வரத் தொடங்கியதும் அதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை. 26ஆவது திருத்தத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1971 மார்ச் 23 அன்று நிறைவேற்றியது. ஜூலை 1க்குள் போதிய மாநிலங்கள் ஏற்றுவிட்டன. கணக்கிட்டால் நூறே நாட்கள். அந்நாட்டின் வரலாற்றில் வேறெந்தத் திருத்தமும் அவ்வளவு விரைவில் ஏற்கப்பட்டதில்லை.

இந்தியாவில் கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லை. ஆகவே படைவீரனை முன்னிறுத்தும் அந்த வாதம் இங்கே வேர்பிடிக்கவில்லை. அதற்குப் பதில் இங்கே இருந்தது வீதி. வாக்கில்லாத வயதினர் வீதிக்கு வந்து ஆட்சிகளைக் கவிழ்த்த கதை 1989க்கு முன்பே மூன்று இடங்களில் நடந்துவிட்டது.

முதல் இடம் தமிழ்நாடு. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கல்லூரிகளிலிருந்து வெடித்தது. துப்பாக்கிச் சூடுகளும் தீக்குளிப்புகளும் மாநிலத்தையே உலுக்கின. இரண்டே ஆண்டில், 1967 தேர்தலில், காங்கிரஸ் ஆட்சி போயிற்று. விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் வீழ்த்திய பெ. சீனிவாசன் அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவர். ஆனால் 1965இல் ஊர்வலத்தில் நடந்த 18 வயது மாணவனுக்கு 1967 பிப்ரவரியில் வயது 20. சுவரில் எழுதலாம், வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்கலாம், பூத் சிலிப் எழுதிக் கொடுக்கலாம். வாக்குச்சாவடிக்குள் போக முடியாது.

இரண்டாவது குஜராத். 1973 டிசம்பரில் அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரியின் விடுதியில் சாப்பாட்டுக் கட்டணம் உயர்ந்தது. அங்கே பற்றிய நெருப்பு நவநிர்மாண் இயக்கமாக மாநிலம் முழுவதும் பரவி, 1974 பிப்ரவரியில் முதலமைச்சர் சிமன்பாய் படேலைப் பதவி விலக வைத்தது. மார்ச்சில் சட்டமன்றமே கலைந்தது. மறுதேர்தல் 1975 ஜூனில் வந்தபோது, அந்தச் சட்டமன்றத்தைக் கலைத்த மாணவர்களில் எத்தனையோ பேருக்கு அதைத் திரும்பத் தேர்ந்தெடுக்கும் வயது ஆகியிருக்கவில்லை. பீகாரில் 1974 மார்ச் 18 அன்று தொடங்கிய மாணவர் போராட்டம் ஜெயப்பிரகாஷ் நாராயணனைத் தலைமைக்கு அழைத்து, நெருக்கடி நிலைவரை போய் முடிந்தது.

மூன்றாவது அசாம். அங்கே 1979இல் மாணவர் சங்கம் கையிலெடுத்த பிரச்சினையே வாக்காளர் பட்டியல்தான். யார் பெயர் இருக்கலாம், யார் பெயர் இருக்கக்கூடாது என்று ஆறு ஆண்டுகள் போராடியவர்களில் இளையோர் பலரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1985 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் மாணவர் தலைவர் பிரஃபுல்ல குமார் மஹந்தா 33 வயதில் முதலமைச்சரானார்.

வயதைக் குறைக்க வேண்டும் என்று முறையாக எழுதிவைத்தவர்கள் ஜே.பி.யைச் சுற்றியிருந்தவர்கள். அவர் முயற்சியால் 1974இல் வி.எம். தார்குண்டே தலைமையில் அமைந்த தேர்தல் சீர்திருத்தக் குழு, மறு ஆண்டு தந்த அறிக்கையில் 18 வயதைப் பரிந்துரைத்தது. மாணவர் கிளர்ச்சியின் அலையில் ஏறி 1977இல் ஆட்சிக்கு வந்தது ஜனதா. நெருக்கடி நிலை விட்டுச்சென்ற காயங்களை 43, 44ஆவது திருத்தங்களால் ஆற்ற முயன்றது. 326ஆவது பிரிவின் பக்கம் அது கைவைக்கவில்லை. இளைஞரின் தோளில் ஏறி வந்தவர்கள் இறங்கியபின் தோளை மறந்தது அதுவே முதல் முறையுமல்ல, கடைசி முறையுமல்ல.

கடைசியில் அந்தக் காரியத்தைச் செய்தது ராஜீவ் காந்தியின் அரசு. 40 வயதில் பிரதமராகி, 1984 தேர்தலில் 400 இடங்களுக்கு மேல் வென்றவர் அவர். ஆனால் 1988 இறுதியில் நிலைமை வேறு. போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தத்தின் புகை கலையவில்லை. அரசிலிருந்து வெளியேறிய வி.பி. சிங் அலகாபாத் இடைத்தேர்தலில் வென்றிருந்தார். அக்டோபரில் ஜனதா தளம் பிறந்திருந்தது. அந்தச் சூழலில், டிசம்பர் 13 அன்று, சட்ட அமைச்சர் பி. சங்கரானந்த் மசோதாவை மக்களவையில் வைத்தார். பல நாடுகள் 18ஐ ஏற்றுவிட்டன, சில மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஏற்கெனவே 18ஐ வைத்துள்ளன, இன்றைய இளைஞர் எழுத்தறிவும் அரசியல் விழிப்பும் உள்ளவர்கள் என்று அதன் நோக்க உரை காரணம் காட்டியது. பிரதிநிதித்துவம் இல்லாத இளைஞர்கள் தங்கள் மனக்குமுறலை வெளியிட அது வழி தரும் என்றும் சொன்னது. வீதியில் வந்துகொண்டிருந்த குமுறலுக்குப் பெட்டி ஒன்றைக் காட்டுவது அரசின் எண்ணங்களில் ஒன்று என்று இதிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 15 அன்று மக்களவையும் 20 அன்று மாநிலங்களவையும் நிறைவேற்றின. மசோதாவாக இருந்தபோது அது 62ஆவது, சட்டமானபோது 61ஆவது. மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்கு மேல் ஏற்ற பிறகு ஒப்புதலுக்குப் போனது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்குச் சட்ட இடம் தந்த திருத்தமும் அதே டிசம்பரில்தான் நிறைவேறியது. உறுப்பினர்கள் எதை நெடுங்காலம் விவாதிக்கப்போகிறோம் என்று அன்று ஊகித்திருக்க முடியாது.

சட்டம் வந்தால் போதாது, பெயர் ஏற வேண்டும். வாக்காளர் பட்டியலுக்கு ‘தகுதி நாள்’ என்று ஒன்று உண்டு. அன்றைய விதிப்படி அது ஒவ்வோர் ஆண்டின் ஜனவரி 1. அந்த நாளில் வயது நிறைந்திருந்தால்தான் அந்த ஆண்டின் பட்டியலில் இடம். மார்ச் இறுதியில் வந்த சட்டத்துக்காக 1989ஆம் ஆண்டுக்கு மட்டும் தகுதி நாள் ஏப்ரல் 1 என்று விதிவிலக்கு எழுதப்பட்டது. பொதுத்தேர்தல் நவம்பரில். இடைப்பட்ட மாதங்களில் கணக்கெடுப்பாளர்கள் வீடுவீடாகப் போய், அதுவரை எந்தப் படிவத்திலும் இடம்பெறாத 18, 19, 20 வயதுக்காரர்களைச் சேர்த்தனர். 1980இல் சுமார் 35.6 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 1984–85இல் ஏறத்தாழ 40 கோடியாக இருந்தது, 1989இல் 49.9 கோடியாகிவிட்டது. முந்தைய இடைவெளியில் கூடியது நாலரைக் கோடிக்கும் குறைவு. இந்த இடைவெளியில் ஏறத்தாழ பத்துக் கோடி. மக்கள்தொகைப் பெருக்கம் ஒரு பங்கை விளக்கும். மீதியில் பெரும்பகுதி வயதுக் குறைப்பின் விளைவு.

தமிழ்நாட்டில் அந்த ஆண்டின் இரண்டு தேர்தல்களுக்கு நடுவே இந்தக் கோடு விழுந்தது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் வந்த சட்டமன்றத் தேர்தல் 1989 ஜனவரி 21 அன்று நடந்தது, தி.மு.க. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்குத் திரும்பியது. அதில் 20 வயதுக்காரர் வாக்களிக்கவில்லை. நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் 18 வயதுக்காரரும் வரிசையில் நின்றார். முடிவோ தலைகீழ். 39 இடங்களில் காங்கிரசுக்கு 27, அ.தி.மு.க.வுக்கு 11, இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 1, தி.மு.க.வுக்கு ஒன்றுமில்லை. இதைப் புது வாக்காளரின் தீர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. ஜனவரியில் பிரிந்து நின்ற அ.தி.மு.க. ஒன்றாகி, காங்கிரசோடு சேர்ந்ததே போதுமான விளக்கம். நாடு முழுவதும் பார்த்தால் காங்கிரஸ் 197 இடங்களுக்குச் சரிந்தது. வாக்கைக் கொடுத்த கட்சியே எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. இளையோர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாக்களிப்பார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் எவராயினும் ஏமாந்தனர். சாதி, ஊர், குடும்பம், கூட்டணி ஆகியவை 40 வயதுக்காரரை இழுக்கும் திசையிலேயே 19 வயதுக்காரரையும் இழுக்கின்றன.

வாக்குச்சீட்டு கைக்கு வந்ததால் வீதி காலியாகிவிடவுமில்லை. 1990 ஆகஸ்ட் 7 அன்று மண்டல் குழுவின் இடஒதுக்கீட்டுப் பரிந்துரையைச் செயல்படுத்துவதாக வி.பி. சிங் அறிவித்ததும் வட இந்தியக் கல்லூரிகள் கொதித்தெழுந்தன. அந்த அரசைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் முதல்முறை வாக்களித்த வயதினரும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட கூட்டமும் வாக்குள்ள கூட்டமே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சொல்லும் சொல் போதவில்லை என்று தோன்றும்போது இளைஞர் பழைய வழிக்கே திரும்புகின்றனர்.

சட்டங்களுக்குள்ளேயே முரண்கள் பெருகின என்பதும் குறிப்பிடத்தக்கது. 1978ஆம் ஆண்டுத் திருத்தப்படி ஆணின் திருமண வயது 21, பெண்ணின் திருமண வயது 18. ஆக, 1989க்குப் பிறகு ஓர் ஆண்மகன் பிரதமரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்து மனைவியைத் தேர்ந்தெடுக்கிறான். ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களில் போட்டியிட 1992ஆம் ஆண்டின் 73, 74ஆவது திருத்தங்கள் வைத்த வயது 21. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25. ஒரே குடிமகனின் முதிர்ச்சியைச் சட்டம் இப்படித் தவணை முறையில் ஒப்புக்கொள்கிறது.

வாக்களிக்கும் வயதை எங்கே வைத்தாலும் அதற்குக் கீழே சிலர் நிற்பார்கள். அவர்கள் தலையில் விடியும் முடிவுகளும் எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அரசு ஊழியர் ஓய்வூதியம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கடைசிச் சம்பளத்தில் பாதியை ஓய்வூதியமாகத் தந்த பழைய திட்டம், தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கும், மத்திய அரசில் படைகள் நீங்கலாக 2004 ஜனவரி 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கும் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்குப் பழையது அப்படியே தொடர்ந்தது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, வாக்கும் இருந்தது. புதிய திட்டத்தில் மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கப்போகிறவர்களோ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தனர். 2013இல் 23 வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 2003இல் வயது 13. ஒரே அலுவலகத்தில், ஒரே வேலையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் இரண்டு வகை முதுமை உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்து வாக்காளராகி எண்ணிக்கையில் திரண்ட பிறகே கட்சிகள் பேசத் தொடங்கின. 2022இல் இமாச்சலப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலில் பழைய ஓய்வூதியம் முதன்மையான வாக்குறுதிகளுள் ஒன்றாயிற்று. அரசுக்குத் தாங்குமா, அந்தச் சுமை அடுத்த தலைமுறையின் வரியில் ஏறாதா என்ற கேள்வி அங்கேயே மறுபடி பிறந்தது. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்களில் பலர் இப்போதும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள்.

வயதை இன்னும் இறக்கிய நாடுகளும் உண்டு. இந்திய நாடாளுமன்றம் 18ஐ விவாதிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1988 அக்டோபரில், பிரேசிலின் புதிய அரசமைப்பு 16 வயதுக்கே வாக்குத் தந்திருந்தது. அங்கே 18 முதல் 70 வயதுவரை வாக்களிப்பது கட்டாயம். 16, 17 வயதினருக்கும் 70ஐத் தாண்டியவர்களுக்கும் விருப்பம். ஆஸ்திரியா 2007இல் தேசியத் தேர்தலுக்கு 16ஐ ஏற்றது. இந்தியாவில் 16 இன்னும் பேச்சளவில்கூட வலுப்பெறவில்லை. பதினெட்டே பட்டியலில் ஒழுங்காக ஏறாதது அதற்கு ஒரு காரணம்.

18 நிறைந்தவர்களில் சில இடங்களில் ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர்தான் பெயரைப் பதிந்திருக்கிறார் என்று தேர்தல் ஆணையம் கண்டது. ஆணையம் தொடங்கப்பட்ட நாளான ஜனவரி 25ஐ 2011 முதல் தேசிய வாக்காளர் தினமாக்கி, அன்று புது வாக்காளர்களுக்கு அடையாள அட்டை வழங்கும் வழக்கம் அதனால் வந்தது. ஆயினும் தகுதி நாள் பழையபடி இருந்தது. ஜனவரி 2 அன்று பிறந்தவர் பதினெட்டு நிறைந்தபின்னும் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும். நடுவில் தேர்தல் வந்தால் வேடிக்கை பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தம், 2022 ஆகஸ்ட் 1 முதல், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதியையும் தகுதி நாளாக்கியது. 17 நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி வந்தது.

இன்னொரு தடை வயதோடு ஒட்டிப் பிறந்தது. பதினெட்டு என்பது ஊரைவிட்டுப் போகும் வயது. பிளஸ் டூ முடித்து விடுதிக்குப் போகிறார்கள். படிக்காதவர்கள் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறார்கள். பெயர் ஊரில், ஆள் வெளியூரில். மாணவர்கள் கல்வி நிலையத்தின் சான்றோடு படிக்கும் இடத்திலேயே பெயர் சேர்க்க விதி இடம் தருகிறது. ஆனால் மூன்றாண்டில் காலிசெய்யப்போகும் அறையின் முகவரிக்கு வாக்காளர் அட்டை வாங்க எத்தனை பேர் மெனக்கெடுவார்கள்? தபால் வாக்கு படைவீரருக்கும் தேர்தல் பணியாளருக்கும் முதியோருக்கும் உண்டு, விடுதி மாணவருக்கு இல்லை.

2024 பிப்ரவரியில் ஆணையம் வெளியிட்ட கணக்கு இதன் விளைவைக் காட்டியது. மொத்தம் 96.88 கோடி வாக்காளர்களில் 18, 19 வயதினர் சுமார் 1.85 கோடி. 80 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 1.86 கோடி. பாதிப்பேர் முப்பதைத் தொடாத ஒரு நாட்டில், பட்டியலின் இரு முனைகளும் ஏறத்தாழச் சம எடையில் நின்றன. தராசு மயிரிழை முதியோர் பக்கமே சாய்ந்திருந்தது.

தேர்ந்தெடுப்பவர் வயது குறைந்த காலத்தில் தேர்ந்தெடுக்கப்படுபவர் வயது கூடிக்கொண்டே போயிற்று. முதல் மக்களவையின் சராசரி வயது 46ஐ ஒட்டியிருந்தது. 40 வயதுக்குட்பட்டவர்கள் நால்வரில் ஒருவர். 2024இல் அமைந்த 18ஆவது மக்களவையின் சராசரி 56. நாற்பதுக்குட்பட்டவர்கள் ஒன்பது பேரில் ஒருவர் என்ற அளவு. கட்சிகள் வேட்பாளரிடம் முதலில் கேட்பது எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை. 25 வயதில் அதற்குப் பதில் வைத்திருப்பவர், பெரும்பாலும் அப்பாவின் தொகுதியையும் வைத்திருப்பவர்.

2023 ஆகஸ்டில் சுஷில் குமார் மோடி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் போட்டியிடும் வயதை 18ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த வயதில் அத்தகைய பொறுப்புக்கான அனுபவத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது என்பது தேர்தல் ஆணையத்தின் நிலை. அது மாற்றத்தை ஏற்கவில்லை. மறு ஆண்டுத் தேர்தலில் வென்றவர்களில் மிக இளையோருக்கு 25 வயது. மிக மூத்தவர் ஸ்ரீபெரும்புதூரில் வென்ற டி.ஆர். பாலு, வயது 82. மக்களவைக்குப் போட்டியிட 84ஆவது பிரிவில் 1949இல் எழுதப்பட்ட 25 இன்றும் அப்படியே இருக்கிறது.